வழிவிட்ட கை

என் கணவருக்குப் பந்தயக்காரர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘வாங்கபோங்க’. நேற்று வந்து சேர்ந்த பொடியனைக்கூட அவர் நீங்க, வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். சக்கரம் மாட்டுகிறவர், கொடி ஆட்டுகிறவர், வாசலில் சீட்டைப் பார்த்து உள்ளே விடுகிறவர், எல்லாருக்கும் அதே மரியாதை. வீட்டில் மட்டும் நான் ‘ஏய்’. இருக்கிற மரியாதையை எல்லாம் ஊருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு எனக்கு வெறுங்கையோடு வருகிறீர்களே என்று முகத்துக்கு நேராகவே கேட்பேன். அவர் சிரிப்பார், அப்புறம், “ஏய், துண்டு எங்க?” என்பார்.

பந்தயத்தில் அவர் பெரிய வெற்றி எதுவும் பெற்றவர் இல்லை. முன்னால் போகிறவர்கள் ஒரு சுற்று கூடுதலாக ஓடி இவரைப் பின்னாலிருந்து பிடித்துவிடுவார்கள். அப்போது வழிவிட வேண்டும். அதற்குக் கொடி உண்டு, விதி உண்டு. ஆனால் அதற்கும் மேலே இவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மெதுவாகப் போகிறவர் கையை உயர்த்திக் காட்டுவார். இடது கை உயர்ந்தால் இடது பக்கம் வா என்று அர்த்தம், வலது கை உயர்ந்தால் வலது பக்கம். காட்டிவிட்டு அவர் எதிர்ப்பக்கம் ஒதுங்கிக்கொள்வார். மேலே திறந்த கார் என்பதால் பின்னால் வருகிறவருக்குத் தலைக்கவசமும் கையும் மட்டும் தெரியும். அந்த வேகத்தில் ஒரு கையை நம்பி இன்னொருவர் காரைத் திருப்புவார்.

கை காட்டுவதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. கொடி ஆடுவதற்கு முன்பே கை ஆடிவிடும். காட்டாமல் விட்டால் அவமரியாதை செய்துவிட்டதுபோல அன்றைக்கு முழுவதும் குமைந்துகொண்டிருப்பார்.

இதற்கு நேர் எதிராக ஒருவன் இருந்தான். அவனுக்கு முரடன் என்று பெயர். இடித்துக்கொண்டு நுழைவான், வழிவிட்டவருக்கு நன்றியாக விரலைக்கூட அசைக்க மாட்டான், ஜெயித்தால் மேடையில் யார் கையையும் பிடிக்க மாட்டான். பத்திரிகைக்காரர்கள் அவனைத் திட்டாத வாரம் இல்லை. என் கணவர் மட்டும், “அவரு கொஞ்சம் கூச்ச சுபாவம்,” என்பார். முரடனுக்கும் நீங்க வாங்கதான்.

அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயத்துக்குக் கிளம்புகிற வாரம், அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை எடுக்க முக்காலியில் ஏறினார். முக்காலி சறுக்கியது. இடது தோள் தரையில் பட விழுந்தார். மறுநாள் காலையில் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். தைலம் தேய்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். போக வேண்டாம் என்று நான் சொன்னதைச் சொல்லவே வேண்டியதில்லை. கத்தினேன். பெட்டியைத் திறந்து துணியை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டேன். அவர் ஒரு கையாலேயே திரும்ப அடுக்கினார்.

“எனக்காக அத்தனை பேரு ராவும் பகலும் உழைச்சிருக்காங்க. அவங்ககிட்டப் போயி தோள் வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது? நல்லாவா இருக்கும்?” என்றார்.

பந்தயத்துக்கு முன்னால் டாக்டர் ஒருவர் எல்லாரையும் பார்ப்பார். இவர் முறை வந்தபோது, “எப்படி இருக்கீங்க?” என்று டாக்டர் கேட்டாராம். “நான் நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க, முட்டிவலி தேவலையா?” என்று இவர் திருப்பிக் கேட்டாராம். டாக்டர் சிரித்துக்கொண்டே தன் முட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இதை அவரே எனக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

நானும் மகளும் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை. கார்களுக்குப் பின்னால் தண்ணீர் புகைபோல எழுந்துகொண்டிருந்தது. முரடன் முன்னிலையில் இருந்தான், இவரைப் பின்னாலிருந்து நெருங்கினான். அந்தப் புகைக்குள் இரண்டு கார்களும் போயின, ஒன்றுதான் ஒழுங்காக வெளியே வந்தது. இன்னொன்று சுவரில் இருந்தது. உடனே சோப்பு விளம்பரம் போட்டுவிட்டார்கள். விளம்பரம் முடிவதற்குள் தொலைபேசி அடித்தது.

அடக்கத்துக்குப் பந்தயக்காரர்கள் எல்லாரும் கறுப்புச் சட்டையில் வந்து வரிசையாக நின்றார்கள். வாங்கபோங்கபோல ஒரு மனுஷன் இனிப் பிறக்கப்போவதில்லை என்று ஒவ்வொருவரும் என்னிடம் சொன்னார்கள். மகளின் பள்ளிக்கூடத்தில் அவர் படத்தை மாட்டி, கீழே ‘நன்னடத்தை’ என்று எழுதி வைத்தார்கள். அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை. தினமும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனாள். அழவே இல்லை. முரடனின் பெயரை மட்டும் யாரும் அவள் முன்னால் எடுக்கக்கூடாது.

முரடன் விசாரணைக் குழுவிடம் தானாகவே போய்ச் சொல்லிவிட்டான்: அவர் கை எதுவும் காட்டவில்லை, நான் பொறுக்காமல் வலது பக்கம் நுழைந்தேன், தப்பு என்னுடையது. யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அவனை இனி வாழ்நாள் முழுக்கக் கார் ஓட்ட விடமாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது குளிர்ச்சியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் முள்ளாகக் குத்தியது. என் வீட்டுக்காரர் கை காட்டவில்லையா?

இறந்தவருடைய பந்தயப் பையை, கடைசியாக அவர் பக்கத்தில் ஓட்டியவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதுவும் அவர்கள் வழக்கம். ஒரு மாலை முரடன் பையோடு வந்து நின்றான். மகள் அவனைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள். நான் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவன் பையை மேசைமேல் வைக்காமல், அழுக்காகிவிடும் என்பதுபோல, தரையில் ஒரு ஓரமாக வைத்தான்.

“அவரு கை காட்டலன்னு சொல்லியிருக்கீங்க. என் வீட்டுக்காரர் கை காட்டாம இருப்பாரா? அவர் உசுர எடுத்தது போதாதா, பேரையும் எடுக்கணுமா?” என்று கேட்டேன்.

அவன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“காட்டினாரு அண்ணி.”

“எந்தக் கை?”

“வலது கை. அதான் வலது பக்கம் போனேன். அவரும் வலது பக்கமே வந்துட்டாரு. ஏன்னு எனக்குத் தெரியல.”

எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷமே, கண்ணால் பார்த்ததுபோல. இடது பக்கம் வரச்சொல்ல இடது கை எழும்பவில்லை. ஆனால் காட்டாமல் இருக்க மனசு வரவில்லை. வலது கையைத் தூக்கி, தலைக்கு மேலாக இடது பக்கம் சுட்டியிருக்கிறார். அவர் மனசில் அது ‘இடது பக்கம் வாங்க’. மழைப் புகைக்குள் பின்னால் வருகிறவனுக்குத் தெரிந்தது ஒரு வலது கையுறை மட்டும். இவர் மரியாதையாக வலது பக்கம் ஒதுங்கினார், அவன் அந்த மரியாதையை நம்பி வலது பக்கம் வந்தான்.

அப்புறம் ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“காட்டினாருன்னு சொன்னா, தப்பாக் காட்டினாருன்னு ஆயிடும். அவரு பதில் சொல்ல முடியாத எடத்துல அவரு மேல எப்படிச் சொல்றது அண்ணி? எனக்கு எப்படியும் கெட்ட பேருதானே,” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். வாசலில் இறங்கும்போது மூடியிருந்த அறைக்கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் அப்படியே இருக்கும். அவர் நல்ல பேர் இருக்கும், மகளுக்கு அந்தப் படம் இருக்கும். போவது ஒரு முரடனின் பிழைப்பு மட்டும். வாயைத் திறந்தால், கை எழும்பாததை மறைத்துவிட்டு அத்தனை பேர் நடுவில் கார் ஓட்டியவர் என்று ஆகிவிடுவார். யோசித்துப் பார்த்தால் அதுதானே உண்மை. ஊருக்கெல்லாம் வழிவிட்ட மனுஷன், தன்னால் முடியவில்லை என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லக் கூச்சப்பட்டார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் தலையணையை எடுத்துக் குத்தினேன், பிறகு அதையே கட்டிக்கொண்டு அழுதேன்.

விசாரணைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மரியாதைக்காகத்தான். நீங்கள் எதுவும் பேச வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்று அவருடைய அணி மேலாளர் சொன்னார். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் ஒரு திரை. விபத்துப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். புகைக்குள் ஏதோ ஒன்று மேலே எழுந்து மறைந்தது. தலைக்கவசக் கண்ணாடியைத் துடைத்திருப்பார் என்றார் குழுத் தலைவர். முரடன் தலையாட்டினான். தலைவர் காகிதங்களைச் சேர்த்து அடுக்க ஆரம்பித்தார்.

நான் எழுந்து நின்றேன். முக்காலியில் இருந்து விழுந்ததைச் சொன்னேன். சட்டை மாட்டிவிட்டதைச் சொன்னேன். அவர் எப்படிக் காட்டியிருப்பார் என்று என் கையைத் தூக்கித் தலைக்கு மேலாகக் காட்டினேன். பின்வரிசையில் இருந்தவர்களை என் முதுகுப்பக்கம் வந்து நின்று பார்க்கச் சொன்னேன். யாரும் வரவில்லை, யாருக்கும் தேவைப்படவில்லை.

“அப்போ அவரு அடிபட்டதை மறைச்சிட்டு ஓட்டினாருன்னு சொல்றீங்களாம்மா?” என்று தலைவர் மெதுவாகக் கேட்டார்.

“ஆமா.”

“கை காட்டினதும் அவரோட தப்புதான்னு…”

“ஆமாங்க. அவரோட தப்புதான்.”

முரடனை விட்டுவிட்டார்கள். வெளியே வரும்போது பந்தயக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள், கார் வரை வரட்டுமா என்று கேட்டார்கள், என் கைப்பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்கள். ஒருவர் வாயிலும் என் கணவரின் பேச்சு இல்லை. ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. முரடன் தூரத்தில் தூண் ஓரம் நின்றான், கிட்டே வரவில்லை. முகத்தைக் கைக்குட்டையால் மூடியிருந்தான்.

மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லி மகளுக்குத் தெரியக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் அவளைச் சமையலறையில் பக்கத்தில் உட்காரவைத்தேன். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் டம்ளரை வைத்து ஒரு காரும், உப்பு ஜாடியை வைத்து இன்னொரு காரும் காட்டினேன். அவள் அப்பாவின் மகள், சீக்கிரம் புரிந்துகொண்டாள். உப்பு ஜாடியைத் தள்ளிப் பார்த்தாள், டம்ளரைத் தள்ளிப் பார்த்தாள்.

“கையே காட்டாம நேராப் போயிருந்தா?”

“ஒண்ணும் ஆயிருக்காது. முந்துறவரே சுத்திக்கிட்டு முன்னாடி போயிருப்பாரு.”

“கை வலிச்சுதுல்ல? கொடிதான் இருக்குல்ல? அப்புறம் ஏம்மா காட்டினாரு?”

கோபமாக ஒரு பதில் இருந்தது, பெருமையாக ஒரு பதில் இருந்தது. இரண்டும் வாய்க்கு வரவில்லை.

“பின்னாடி ஒருத்தர் வந்துட்டு இருந்தாருல்லம்மா. அதான்,” என்றேன்.

அவள் டம்ளரைக் கையில் பிடித்தபடியே அழ ஆரம்பித்தாள். அப்பா போனதற்கு அவள் அழுதது அன்றைக்குத்தான்.