வேலி தாண்டாத வண்டுகள்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் சொன்னால் உத்தி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கோயாஸ் மாநிலத்தில் ஒரு பூச்சிச் சேகரிப்பு நிலையத்தில் எனக்கு வேலை. செராடோ என்று நாங்கள் சொல்லும் வறண்ட குட்டைமரக் காட்டிலும், அதை அழித்து உண்டாக்கிய மேய்ச்சல் நிலத்திலும் மண்ணுக்குள் கிண்ணம் புதைத்து, மேலே சாணி கட்டித் தொங்கவிட்டு, விழுகிற வண்டுகளை எண்ணுவேன். பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘பேராசை பிடித்த பண்ணையார் ஒடிலோன் தன் வெள்ளைக் குதிரையில்—’

அடித்துவிட்டேன். ஒடிலோனிடம் குதிரை கிடையாது, ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான். நூற்றிருபது மாடு வைத்திருப்பவரைப் பண்ணையார் என்றால் எங்கள் பக்கம் சிரிப்பார்கள்.

2

நடந்தது இது. ஒடிலோனின் நிலத்தில் பாதிக்கு மேல் மேய்ச்சலுக்கு விதைத்த ஆப்பிரிக்கப் புல். மீதி, கோணல் மரங்களும் கரையான் புற்றுகளுமாகப் பழைய செராடோ. நடுவில் கம்பி வேலி. சட்டம் காடாகவே விடச் சொன்ன பங்கு போக எஞ்சிய காட்டையும் புல்லாக்கிவிட அவர் முடிவு செய்திருந்தார். இரண்டு டிராக்டருக்கு நடுவே சங்கிலி கட்டி இழுத்து மரங்களை வேரோடு சாய்த்தால் மூன்று நாள் வேலை.

அப்போதுதான் நான் கிண்ணங்களோடு போனேன். காட்டுப் பக்கம் முப்பத்தொரு வகைச் சாணி வண்டுகள் கிடைத்தன. புல் பக்கம் ஏழு. ஆனால் அந்த ஏழில் ஒரு வகை மட்டும் கிண்ணம் வழிய விழுந்திருந்தது.

“எண்ணிப் பாருங்க டாக்டரே,” என்றார் ஒடிலோன். (நான் டாக்டர் இல்லை. அவருக்கும் அது தெரியும்.) “எம் பக்கந்தான் ஜாஸ்தி. காடு தோத்துப்போச்சு.”

“ஜாஸ்திதான் அண்ணே. ஆனா எல்லாம் ஒரே வகை.”

“எம் மாடுங்களும் ஒரே வகைதான். என்ன கொறஞ்சுபோச்சு?”

அவர் மனைவி இராசி காபி ஊற்றிக்கொண்டே சொன்னார்: “அப்ப சாணி ஏன் ஓடு மாதிரி காஞ்சு கெடக்கு? ஈ ஏன் மாட்டப் பிடுங்குது? அந்த ஒரே வகைகிட்ட கேட்டுச் சொல்லேன்.”

ஒடிலோன் புல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த இடைவெளியில் நான் நுழைந்தேன்.

“காட்ட விட்டு வைங்கண்ணே. அந்த வண்டுங்க வேலி தாண்டி வந்து உங்க சாணி மொத்தத்தையும் மண்ணுக்குள்ள இறக்கிடும்.”

எனக்கு அது தெரியாது. தெரிந்தவன் குரலில் சொன்னேன். அவர் டிராக்டரை ஒரு வருடம் தள்ளிப்போட்டார்.

3

[இங்கே இரண்டு பக்கம் கட்டுரையாக எழுதி எடுத்துவிட்டேன். இதை மட்டும் விட மனமில்லை: புல் வந்த பிறகு காணாமல் போனவற்றில் ஒரு வகை, இலைவெட்டி எறும்புகள் கொட்டும் குப்பையில் மட்டுமே வாழ்வது. எறும்புப் புற்றை உழுதால் அதன் உலகமே போயிற்று. அதற்கு ஊர்ப்பெயர்கூடக் கிடையாது. பெயரில்லாத ஒன்றுக்காக ஒருவரிடம் எப்படி வாதாடுவது? அதனால்தான் பொய்— இல்லை, இது எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.]

4

இதுவரை எழுதியதை இராசிக்குப் படித்துக் காட்டினேன்.

“என்னைய ஏன் காபி ஊத்த வச்சிருக்கீங்க? அன்னிக்கு நான் கன்னுக்கு ஊசியில்ல போட்டுக்கிட்டிருந்தேன்.”

உண்மைதான். மேலே காபி வரும் இடத்தில் தயவுசெய்து ஊசி என்று படித்துக்கொள்ளுங்கள்.

5

அந்த ஒரு வருடத்தில் காட்டு வண்டுகளில் அறுநூறைப் பிடித்து, முதுகில் ஒரு பொட்டு மஞ்சள் பெயிண்ட் வைத்து, பிடித்த இடத்திலேயே விட்டேன். வேலி தாண்டி வந்தவை இரண்டே வகை. மற்றவை புல்லின் விளிம்பு வரை வந்து திரும்பிவிட்டன.

ஒடிலோனிடம் போய் இதைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் உண்மையில் இருந்ததைவிட நான் தைரியமாகத் தெரிந்தேன். உண்மையில் குனிந்து கிண்ணத்தைத் துடைத்தபடி சொன்னேன்.

“தெரியும்,” என்றார் ஒடிலோன். “மார்ச்சுலேர்ந்து சாணியக் கெளறிக்கிட்டுதான் இருக்கேன். மஞ்சப் பொட்டு ரெண்டு தினுசுலதான் பாத்தேன்.”

“ஏண்ணே எங்கிட்ட கேக்கல?”

“நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தேன்.”

எனக்குக் காது சுட்டது. அவர் கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“மத்ததுங்க ஏன் வரல?” என்று அவரே கேட்டார்.

“நெழல் இல்ல, மண்ணு சுடுது. நீங்க மாட்டு முதுகுல ஊத்துற குடல்புழு மருந்து வேற சாணியில எறங்குது. அதுவும் காரணமா இருக்கலாம்.”

“அப்ப புல்லு நடுவுல மரம் வச்சு, மருந்தக் கொறச்சா வருமா?”

“தெரியாதுண்ணே.”

“இந்த ஒரு வார்த்தைய போன வருசமே சொல்லியிருக்கலாம்,” என்றார் இராசி.

அப்போது டிராக்டர்காரர் போன் செய்தார். ஒடிலோன் போனைக் காதில் வைத்தபடி கொட்டகைக்குப் பின்னால் போனார்.

6

இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் சங்கிலி வருகிறது. கரையான் புற்றுகள் மண் குடம்போல உடைகின்றன. மற்றதில் அவர் மேய்ச்சல் நிலத்தில் மரக்கன்றுகள் நடுகிறார். ஐந்து வருடம் கழித்து மஞ்சள் பொட்டு— இரண்டையும் கிழித்துவிட்டேன். அந்த நிலத்துக்கு ஏற்கெனவே ஒருமுறை நான் இட்டுக்கட்டி ஒரு முடிவு சொன்னவன்.

ஒடிலோன் திரும்பி வந்தார். “சொல்லியாச்சு,” என்றார் இராசியிடம். இராசி தலையாட்டினார். டிராக்டர்காரரை வரச் சொன்னாரா, வேண்டாமென்றாரா என்று நான் கேட்கவில்லை. முடிவு வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களிடம் மட்டும் அதை நடந்தது என்று சொல்லாதீர்கள். எனக்குக் காட்டுப் பக்கம் இன்னும் பத்துக் கிண்ணம் எடுக்க வேண்டியிருந்தது. போய்விட்டேன்.