சிவப்புத் துணி கட்டிய புடலங்காய்

ஆனந்தவல்லி இரண்டாவது முறையும் தட்டை நீட்டினாள்.

"ஏட்டி மீனா, இன்னும் ஒரு கரண்டி போடு. துட்டி வீட்டுல பச்சத்தண்ணி பல்லுல படல. என்னமா வெந்திருக்கு! கூட்டு வாயில கரையுதுலா."

முத்துமீனாளுக்கு முகம் மலர்ந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து சித்திரையில் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தவள் அவள். மூத்த மருமகள் ஆனந்தவல்லிதான் வீட்டையும் பின்கட்டுத் தோட்டத்தையும் ஆண்டுவந்தாள். இன்று காலை அவள் இளையரசனேந்தலுக்குத் துக்கம் கேட்கப் போனதால், முதன்முறையாக அடுப்படி முழுவதும் முத்துமீனாளின் கைக்கு வந்திருந்தது.

தோட்டம் பெரிதில்லை. கிணற்றடியில் குளிக்கிற, துவைக்கிற தண்ணீர் ஓடிப் பாய்கிற இடத்தில் நாலு கத்தரி, வெண்டை, ஓரமாகப் புடலைப் பந்தல். அந்தப் பந்தலில் ஒரே ஒரு காயின் காம்பில் மட்டும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. நுனியில் கல் தொங்கவிட்டு நேராக வளர்த்த, பந்தலிலேயே அழகான காய். முத்துமீனாளின் அப்பா வயலில் அந்தியிலேயே முற்றாத காய்களாகப் பார்த்துத் துணி கட்டிவிடுவார். விடிந்ததும் ஆட்கள் வந்து துணி கட்டியதை மட்டும் பறிப்பார்கள். அக்கா ஊருக்குப் போகுமுன் இன்றைய சமையலுக்கு அடையாளம் வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். பறித்தாள். சிறுபருப்பும் தேங்காயும் சேர்த்துக் கூட்டு வைத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் ஆனந்தவல்லி பந்தலடிக்குப் போனாள். போன வேகத்தில் அவள் குரல் வந்தது.

"ஐயோ, என் விதைக்காயக் காணோமே!"

முத்துமீனாள் பின்வாசலில் அப்படியே நின்றாள்.

"விதைக்குன்னு விட்டிருந்த காய்டி. துணி கட்டி வச்சிருந்தேனே. எங்கம்மை சாகுததுக்கு முன்ன முந்தானையில முடிஞ்சு குடுத்த விதை. வருசா வருசம் ஒத்தக் காய விட்டு விட்டுத்தான் காப்பாத்திக்கிட்டு வாரேன். கொடியும் ஓயப்போவுது, இனி இது மாதிரி ஒரு காய் வருமா?" ஆனந்தவல்லி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தது. ஆனால் மத்தியானம் கேட்ட அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. முத்துமீனாள் அடுப்படிக்கு ஓடினாள். அடுப்புத் திண்டில் கிடந்த சிவப்புத் துணியை எடுத்துப் புளிப்பானைக்குள் திணித்தாள்.

திரும்பி வருவதற்குள் தோட்டத்து வேலிப் படலை இடுப்பால் தள்ளிக்கொண்டு தங்கத்தாய் உள்ளே வந்திருந்தாள். எருமைக்குக் கழனித்தண்ணீர் எடுக்க அன்றாடம் வருகிறவள். தோட்டத்துக்குச் சாணி போடுவதும் அவள்தான்.

"வா தங்கத்தாயி," என்றாள் ஆனந்தவல்லி. குரலே வேறாக இருந்தது. "காலையில நான் இல்லாதப்ப இங்கன வந்தியா?"

"வந்தேன் பெரியம்மா. சாணி கொட்டிட்டுப் போனேன்."

"பந்தல்ல துணி கட்டின காய் ஒண்ணு இருந்துதே?"

தங்கத்தாய்க்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் குடத்தைக் கீழே வைத்தாள்.

"என்னையவா கேக்கிய?"

"வேற யாரு வாரா இந்த வழியா? கேட்டிருந்தா நானே ஒண்ணுக்கு ரெண்டாத் தந்திருப்பேன்லா?"

"கேக்காம ஒரு கறிவேப்பில கிள்ளியிருப்பனா நான்? நாளைக்கு வெள்ளிக்கிழம. தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வாரேன். கோமதியம்மன் சன்னதியில புத்துமண்ண வாயில போட்டுச் சத்தியம் பண்ணுதேன். நீங்களும் கூட வாங்க."

"வாரேன், வாரேன்."

தங்கத்தாய் வெறும் குடத்தோடு போனாள். முத்துமீனாள் வாசல்படியில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாலுகா ஆபீசிலிருந்து கணவன் சங்கரராமன் வந்ததும் காப்பியோடு சேர்த்து விஷயத்தையும் அவனிடம் கொடுத்தாள். அவன் முதலில் சிரித்தான்.

"மதினியே ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாங்களா? நல்ல கூத்துதான்." அவள் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "விடு மீனா. நாலு நாள் போனா ஆறிரும். இப்ப சொன்னா உன் மேல இருக்க பிரியம்தான் கெடும்."

"தங்கத்தாய் மேல இருந்த பிரியம்?"

அவன் டிரான்சிஸ்டரைத் திருகினான். நல்லவன்தான், தனக்காகத்தான் சொல்கிறான். அதுவே அவளுக்கு மேலும் பாரமாக இருந்தது.

மறுநாள் காலையில் யாரும் எடுக்காத கழனிப்பானை புளித்து நுரைத்துக் கிடந்தது. முத்துமீனாள் அதன் பக்கம் பார்க்காமல் கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். படலுக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்தது.

தங்கத்தாய். ஈரத்தலையை நுனியில் முடிந்திருந்தாள். பெட்டிக்குள் மடித்தே இருந்த தடம் மறையாத பச்சைச் சேலை. நல்லது பொல்லாததற்கு மட்டும் உடுத்துகிற சேலை. நெற்றியில் திருநீறு. உள்ளே வரவில்லை.

"பெரியம்மா, கெளம்பிட்டியளா?"

ஆனந்தவல்லி கையில் தேங்காய்ப் பழத் தட்டோடு வந்தாள். முத்துமீனாளின் கையிலிருந்து வாளிக் கயிறு நழுவியது. வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

"போகாதீங்க அக்கா. நான்தான் பறிச்சேன்."

"என்னத்தடி?"

"அந்தக் காய. எங்க ஊர்ல பறிக்கதுக்குத்தான் துணி கட்டுவாங்க. அப்படின்னு நினைச்சிட்டேன். நேத்து நீங்க சாப்பிட்ட கூட்டு…"

அடுப்படிக்கு ஓடிப் புளிப்பானையிலிருந்து துணியை எடுத்துவந்து நீட்டினாள். புளி ஒட்டிப் பிசுபிசுத்தது. ஆனந்தவல்லி அதை வாங்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எங்கம்மை விதைய நானே கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னுருக்கேன்," என்றாள் மெதுவாக. பிறகு படல் பக்கம் திரும்பினாள். "தங்கத்தாயி… நான் அவசரப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதட்டி."

தங்கத்தாய் அவளைப் பார்க்கவில்லை. முத்துமீனாளைத்தான் பார்த்தாள்.

"தெரியாமப் பறிச்சது தப்பில்ல சின்னம்மா. நேத்து நீங்க அங்கன வாசல்லதான நின்னிய? ராத்திரி என் மருமவ கேக்கா, 'நெசமாவே எடுத்துட்டியளா அத்த'ன்னு. சோத்தப் போட்டுக்கிட்டே கேக்கா."

முத்துமீனாள் துணியைப் பிடித்திருந்த கையைத் தாழ்த்தினாள்.

"சரி, நான் கோயிலுக்குப் போயிட்டு வாரேன். குளிச்சது குளிச்சாச்சு, அம்மையப் பாத்துட்டாவது வாரேன்," என்று தங்கத்தாய் தெருவில் இறங்கினாள்.

ஆனந்தவல்லி இளையவளைத் திட்டவில்லை. அந்த வாரமே கொடியின் கடைசியில் வந்த ஒரு பிஞ்சைக் கண்டுபிடித்தாள். வளைந்து கோணலாக இருந்தது. "கோணக்காயில விதை எடுத்தா அதுவும் கோணலாத்தான் காய்க்குமோ என்னமோ. கல்லக் கட்டிப் பாப்போம். நீயே கட்டு," என்றாள். அலசிய பிறகும் புளிவாடை போகாத அதே துணியை முத்துமீனாள் காம்பில் கட்டி, நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டாள்.

தங்கத்தாய் கழனித்தண்ணீருக்கு வரத் தொடங்கிவிட்டாள். எருமைக்குக் கோபம் தெரியாதே. ஆனால் படலை இடுப்பால் தள்ளுவதில்லை. வெளியே நின்று கூப்பிடுவாள். முத்துமீனாள் அவள் வரும் நேரம் பார்த்துப் படலை முன்னாலேயே அகலத் திறந்து வைத்தாள்.

"திறந்துதான கெடக்கு, உள்ள வா தங்கத்தாயி."

"இருக்கட்டும் சின்னம்மா. இங்கனயே ஊத்துங்க."

முத்துமீனாள் பானையைச் சுமந்துகொண்டு பந்தலைக் கடந்து, கத்தரிச் செடிகளைக் கடந்து படலுக்குப் போவாள். சிந்தாமல் ஊற்றுவாள். ஒருநாள் அப்படித்தான் ஊற்றினாள். தங்கத்தாய் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். அங்கிருந்தே பந்தலை எட்டிப் பார்த்தாள்.

"கல்லு பத்தாது," என்றாள். "கொஞ்சம் பெருசாக் கட்டுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். படல் திறந்தபடியே கிடந்தது.