அரைவயிறு

சமையல் சேனல் நடத்தும் அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும். வெளியூரில் அறையெடுத்துத் தானே சமைத்துப் படிக்கும் மகள் போன் செய்து, "வெங்காயம் கருகிப் போச்சும்மா" என்றால், "உயிரை வாங்காதேடி, லிங்க் அனுப்பறேன், பாரு" என்று வைத்துவிடுவாள். கொஞ்ச நாளில் போன் வருவதே நின்றது. விட்டது தொல்லை என்றிருந்தாள்.

ஆனால் சேனலில் 'அரைவயிறு' என்ற பெயரில் யாரோ எழுதும் அசட்டுக் கேள்விகளுக்கு மட்டும் அலுக்காமல் பதில் போடுவாள்: "பயப்படாதே கண்ணு, அடுப்பைக் குறைச்சு வை. சாப்பிட்டியா?"

விடுமுறைக்கு வந்த மகள் குளிக்கப் போயிருந்தாள். 'அரைவயிறு' நேற்றுக் கேட்டதற்கு அம்மா பதில் அனுப்பியதும், மேஜையில் மகளின் போன் அதிர்ந்தது. அதன் திரையில், இப்போதுதான் அம்மா எழுதிய "சாப்பிட்டியா கண்ணு?"

மகள் வந்ததும் அம்மா, "என்கிட்டயே கேட்டிருக்கலாமேடி?" என்றாள்.

"கேட்டேனேம்மா. நீதான் லிங்க் அனுப்பினே."