மண்சாமிக்கு நிலநடுக்கப் பாடம்

ஹுவாலியென் நகரில் எங்கள் தெருமுனை மண்சாமி கோயிலில் எது நடந்தாலும் முதல் பார்வையாளர் சாமிதான். பொம்மலாட்டமோ கரோக்கியோ, முன்வரிசை நடு நாற்காலி அவருக்கு. அதனால் நிலநடுக்க ஆய்வாளர் தூ மெய்-சென் பொதுமக்களுக்கு அறிவியல் சொல்லித்தர வந்தபோதும் ஒரு காலி நாற்காலியைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

நாற்பது நிமிடம் பேசினார். திரிபு ஆற்றல், மீள்வுக் காலம் என்று திரையில் சொற்கள் ஓடின. நாங்கள் மரியாதையாகத் தூங்கினோம். முடிந்ததும் கமிட்டித் தலைவர் யென் ஷுய்-மூ, சாமிக்குப் புரிந்ததா என்று கேட்டு ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் குவிந்தும் இருக்கும் இரண்டு பிறைக்கட்டைகளைத் தரையில் போட்டார். மேல்புறம் ஒன்று தட்டையாகவும் ஒன்று குவிந்தும் விழுந்தால் ஆம். இரண்டும் குவிந்திருந்தால் இல்லை. அன்று இரண்டும் தட்டை. ஆமும் இல்லை, இல்லையும் இல்லை, சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம்.

மெய்-சென்னின் நிறுவனத்துக்கு, கேட்டவர்களுக்குப் புரிந்தது என்று கோயில் முத்திரை வைத்த படிவம் வேண்டும். மூன்று முறை தொடர்ந்து ஆம் விழாமல் யென் முத்திரையைத் தொடமாட்டார்.

"மண்ணே அவர் பொறுப்புதானே? அவருக்கே தெரிஞ்சிருக்கணுமே," என்றார் மெய்-சென்.

"பொறுப்புல இருக்கறவங்களுக்கெல்லாம் விஷயம் தெரிஞ்சிருக்கா டாக்டரம்மா? அடுத்த சனிக்கிழமை வாங்க."

அடுத்த சனிக்கிழமை விழுந்தது 'இல்லை'. அதற்கடுத்த வாரம், மறுபடி சிரிப்பு. மூன்று ஆம் தொடர்ந்து விழ எட்டில் ஒரு வாய்ப்புதான், இதற்கும் தன் உரைக்கும் சம்பந்தமே இல்லை என்று மெய்-சென் பலகையில் எழுதிக் காட்டினார். யென் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாமியை விடுங்கள், மற்ற யாருக்காவது புரிந்ததா என்று எங்கள் பக்கம் திரும்பினார். எல்லோரும் செருப்பைப் பார்த்தோம். சிப்பி ஆம்லெட் கடை பெங் அக்கா மட்டும், திரிபு ஆற்றல் என்பது ஏதோ இன்சூரன்ஸ் என்று நினைத்ததாகச் சொன்னார்.

மறுநாள் மெய்-சென் பெங் அக்கா கடையில் போய் உட்கார்ந்தார். எந்த இடத்தில் புரியாமல் போனது என்று கேட்டார்.

"நீங்க 'அதாவது'ன்னு சொல்றீங்கல்ல, அதுக்கப்புறம்தான்," என்றார் பெங் அக்கா.

மெய்-சென் அதைக் குறித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துச் சாப்பிடும் குச்சிகள் வைக்கும் டிராயர் சிக்கிக்கொண்டது. பெங் அக்கா இழுத்தார், காலை ஊன்றி இழுத்தார். திடீரென்று அது பிடுங்கிக்கொண்டு வர, இருநூறு குச்சிகள் கடையெங்கும் பறந்தன. மெய்-சென் பொறுக்க உதவாமல் பார்த்துக்கொண்டே நின்றதில் பெங் அக்காவுக்கு இன்றும் வருத்தம்.

நான்காம் சனிக்கிழமை திரை இல்லை.

"நம்ம காலுக்கடியில ரெண்டு பாறை ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டிருக்கு. சிக்கிக்கிட்டதால நகரல. ஆனா தள்ளறது நிக்கல, சேர்ந்துக்கிட்டே போகுது. ஒருநாள் சட்டுனு வழுக்கிடும், அக்காவோட டிராயர் மாதிரி."

பெங் அக்கா எழுந்தார். "அப்ப ரொம்ப வருஷமா ஆடலைன்னு சந்தோஷப்பட்டோமே?"

"சிக்கின எடத்துல அமைதின்னா அது நிம்மதி இல்லக்கா."

கூட்டத்தில் ஒருவரும் தூங்கவில்லை. கட்டைகள் விழுந்தன. ஆம். மறுபடி ஆம். மூன்றாவது முறை அவை உருளும்போதே தரை லேசாக ஆடியது. ஒரு கட்டை சாமியின் நாற்காலிக் காலில் சாய்ந்து செங்குத்தாக நின்றுவிட்டது. அதற்கு விதி எதுவும் கிடையாது. கமிட்டி இரண்டு மணி நேரம் விவாதித்து, சாமிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது என்று முடிவு செய்தது. என்ன சந்தேகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கட்டை போட்டார்கள். கோயில் கூரை பற்றியா? இல்லை. கேஸ் அடுப்பு பற்றியா? சிரிப்பு. அடுத்த நிலநடுக்கம் எப்போது வரும் என்பதா? ஆம்.

மெய்-சென் காலி நாற்காலிக்கு எதிரே வந்து நின்றார்.

"தெரியாது. யாருக்கும் தெரியாது. அலமாரியை இன்னிக்கே சுவரோட சேத்து அடிச்சு வைங்க."

மூன்று முறையும் ஆம். யென் முத்திரை வைத்தார். மாலைக்குள் தெருவில் யார் வீட்டிலும் சுத்தியல் இரவல் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு பல் மருத்துவர் பேசினார். முதல் வாரமே சாமிக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மெய்-சென், பல் விஷயம் யாருக்குத்தான் புரியாது என்று பெங் அக்காவிடம் முணுமுணுத்தார்.