அண்ணிக்கு வசம்பு வளையல்

ஆஸ்பத்திரியிலிருந்து ஜோதிகா அண்ணி வந்த மறுநாளே குப்பத்துப் பெண்கள் பால்சுறா புட்டோடு வாசலில் நின்றார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற புட்டு அது; அண்ணியோ பிள்ளை பெறவில்லை. எல்லாம் என் அண்ணன் வெற்றி செய்த வேலை. அண்ணியின் எதிர்ப்புச் சக்தியே அவள் நரம்புகளை அரித்துக்கொண்டிருந்ததாம். அவளுடைய ஸ்டெம் செல்லை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கோளாறு பிடித்த சக்தியை மருந்தால் துடைத்துவிட்டு, எடுத்ததைத் திரும்ப ஏற்றினார்கள். இனி பச்சைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும், தடுப்பூசி எல்லாம் முதலிலிருந்து போட வேண்டும் என்றார் டாக்டர். ஓட்டைவாய் அண்ணன் இதைக் கடற்கரையில் சொல்ல, காத்திவாக்கம் முழுக்க "ஜோதிகா புதுசா பொறந்துகீறா" என்றாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நான் வாசலை மறித்துக்கொண்டேன். மீன் விற்ற வாய்க்கு அன்றுதான் சரியான வேலை.

"யாரும் உள்ள வரக்கூடாது. ஒரு தும்மல் போதும், அவ தாங்கமாட்டா."

"நீ இன்னாடி, போலீசா?" என்ற பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா, மடியிலிருந்து ஒரு வசம்பு வளையலை எடுத்தாள். "பொறந்த கொயந்த கைல வசம்பு இல்லாம எப்டி? கட்டிவுடு."

முப்பத்தாறு வயதுக் குழந்தை, மொட்டைத் தலையோடு ஜன்னலுக்குள்ளே கண்ணில் நீர் வரச் சிரித்தது. வளையலைக் கொதிநீரில் போட்டு எடுத்துத்தான் கட்டினேன். வெளிச் சாப்பாடு அவளுக்கு ஆகாது என்பதால் புட்டை நானே தின்று தீர்த்தேன்.

ஆனால் உணர்ச்சி செத்த கால்? போன சித்திரையில் செருப்பில்லாமல் உச்சிவெயில் மணலில் நடந்து வந்தவள், தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் பாதம் வெந்ததையே அறிந்தாள். நோய் இனி ஏறாது என்று நம்பலாம், போன உணர்ச்சி திரும்புமா என்று சொல்ல முடியாது என்றிருந்தார் டாக்டர். நான் பார்க்கவில்லை என்று நினைத்து அண்ணி நகத்தால் பாதத்தைக் கீறிப் பார்ப்பாள்.

பங்குனியில் வெளியே போகலாம் என்றார்கள். அண்ணன் படகு கரையேறுவதைப் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு கையில் கோல், மறு கை என் தோளில். வெயில் ஏறிய மணல் தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றினாள்.

"வேணாம் அண்ணி. டாக்டரு திட்டுவாரு."

"சும்மா இரு ரேகா. எனக்குத் தெரிஞ்சாவணும்."

ஓர் அடி வைத்தாள். ஒன்றுமில்லை. இன்னொன்று வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் செருப்பை எடுக்கக் குனிந்தேன்.

"யம்மாடி! சுடுதுடி!"

கரையேறிய அண்ணன் வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். "இன்னா ஆச்சு ஜோதி?"

"யோவ், சுடுதுய்யா!"

அவன் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதான். நான் செருப்பை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மணலை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, வசம்பு வளையல் குலுங்க, என் தோளைப் பிடித்தபடி கால் மாற்றிக் கால் தூக்கிக்கொண்டிருந்தாள்.