பட்டறைக்கு முந்தின வளைவு

தென்காசிப் பட்டறைக்கு எங்கள் பிக்கப்பைக் கொண்டுபோகும்போதெல்லாம் ஒரு சடங்கு உண்டு. கடையநல்லூரிலிருந்து ஓட்டிவருவது நான். பட்டறைக்கு முந்தின வளைவில் நிறுத்திவிட்டு நான் இடப்பக்கம் போய் உட்கார, என் வீட்டுக்காரர் சேக் மைதீன் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். துபாயில் ட்ரெய்லர் ஓட்டிய மனிதர். சர்க்கரை கண்ணைப் பாதி தின்றுவிட்டது. ஆனாலும் நாலு ஆம்பளைகள் முன்னால் பெண்டாட்டி ஓட்டிவந்த வண்டியிலிருந்து இறங்க மனசு வராது. உருட்டிக்கொண்டே போய் நிறுத்துவார்.

அந்த வண்டி ஓடினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். சீசனில் குற்றாலத்துத் தோட்டங்களில் மங்குஸ்தான் ஏற்றி, ஆரியங்காவு மலை ஏறி, புனலூரில் இறக்குவோம். யாரோ சொன்னார்கள் என்று என் வீட்டுக்காரர் என்ஜினின் பவரைக் கூட்டி வைத்தார். பவர் வந்தது. அதைத் தாங்கக் கிளட்ச்சுக்குத் தெம்பில்லை. மலையில் என்ஜின் கத்தும், வண்டி நகராது, கருகின வாடைதான் வரும்.

மெக்கானிக் அய்யாக்குட்டி பழைய பிளேட்டைக் கழற்றிக் காட்டினார். கரிக்கட்டை.

"ரெண்டு மாதிரி இருக்கு பாய். ஒண்ணு நல்லாவும் பிடிக்கும், மிதிக்கவும் லேசு. வர நாளாவும். இன்னொண்ணு கையில இருக்கு, முரட்டுப் பிடி. பெடல் கல்லு மாதிரி இருக்கும். வண்டிய யாரு ஓட்டுதா?"

பட்டறைச் சன்னலோரம் நின்ற நான் இருமினேன்.

"வேற யாரு? நாந்தான். நான் மிதிக்காத கிளட்ச்சா? கையில உள்ளதப் போடும்," என்றார் என் வீட்டுக்காரர்.

இன்னும் பலமாக இருமினேன்.

"அவளுக்குச் சாரல் ஒத்துக்கிடல," என்றார் அய்யாக்குட்டியிடம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

புது பிளேட்டை மாட்டித் திரும்பும்போது அதே வளைவில் இடம் மாறி, கிளட்ச்சை மிதித்தேன். முழங்காலுக்குள் சுருக்கென்றது. "என்னால முடியாதுங்க," என்றேன்.

"போகப் போகப் பழகிரும், நூரு. பழம் பறிச்சு வச்சிட்டாவ."

மறுநாள் பழத்தை ஏற்றிக்கொண்டு ஐந்தருவி சாலையில் மாட்டிக்கொண்டோம். சீசன் கூட்டம். ஏற்றத்தில் முழம் முழமாக நகரவேண்டும். மிதி, விடு, மறுபடி மிதி. புனலூர் ஏலம் முடிந்துவிட்டால் இந்தப் பழத்தைக் கேட்பாரில்லை. என் இடது கால் வெடவெடவென்று ஆடத் தொடங்கியது. ஒரு தடவை கால் நழுவ, வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

போலீஸ்காரர் மழைக்கோட்டோடு ஓடிவந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் என் புர்காவைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"டிரைவர் எங்கய்யா போனான்?"

சுற்றிலும் கூட்டம். என் வீட்டுக்காரர் என்னைக் கை காட்டினார்.

"இவதான் சார் டிரைவர். எப்பவும் இவதான் ஓட்டுதா. எனக்குக் கண்ணு தெரியாது."

எத்தனை வருஷமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்! அழுகையே வந்துவிட்டது.

"அப்ப எடுக்கச் சொல்லும்," என்றார் போலீஸ்காரர்.

பெடலில் காலை வைத்து, முழங்காலை இரண்டு கையாலும் அழுத்தினேன். என் வீட்டுக்காரரும் குனிந்து, தடவித் தடவி, என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். பெடல் பாதி இறங்கி நின்றுவிட்டது.