பத்தாவது வருஷத்துச் சம்பளம்

தேத்தண்ணித் தட்டைக் கிஷாந்தின் கையிலிருந்து பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

“கொள்ளிக்குடம் தூக்கப்போறவன் தட்டத் தூக்கிக்கிட்டுத் திரியிறியே, ஒனக்கு மூள இருக்கா? போய் அப்பன் பக்கத்துல உக்காருடா” என்று மாயாண்டி மாமா அதட்டினார்.

கிஷாந்துக்கே அப்போதுதான் உறைத்தது. லயத்து வரிசை வீட்டின் வாசலில் ஆட்கள் நிற்பதைக் கண்டதும் கை தானாகத் தட்டைத் தேடிப் போயிருந்தது. நுவரெலியாவில் பெரிய ஹோட்டல் ஒன்றில் பத்து வருஷமாகப் பரிமாறுகிறவன். நாலு பேர் சும்மா நின்றால் அவனால் உட்கார முடியாது.

உள்ளே அம்மா தலைமாட்டில் அழுதபடி இருக்க, பெட்டியில் அப்பா மூக்கன் படுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை கவ்வாத்துக் கத்தியோடு தேயிலை மலைக்கு ஏறியவர், ஒரு செடியைக்கூட வெட்டாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் போனில் சண்டை போட்டிருந்தார்கள். தங்கை சுலக்ஷனாவுக்குக் கொழும்பில் ஹோட்டல் முகாமைத்துவப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்று வருஷம், இருபது லட்சம். வங்கி கடன் தரும். ஆனால் மாதச் சம்பளக்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும். வருகிற திங்கட்கிழமை கடைசி நாள். அப்பாவுக்கு நாட்கூலி; குடும்பத்தில் மாதச் சம்பளக்காரன் என்றால் கிஷாந்த் ஒருவன்தான். அவன் முடியாது என்றுவிட்டான்.

“கணக்குப் பாத்துட்டேம்ப்பா. முடிச்சிட்டு வந்தா தொடக்கத்துல எழுவதாயிரம் குடுப்பாங்க. லோனுக்கு மட்டும் மாசம் முப்பத்தஞ்சு. ரூம் வாடகை, சாப்பாடு போனா கையில ஒண்ணும் நிக்காது. படிக்காத நானே அதவிடக் கூட எடுக்குறேன். அவளால கட்ட முடியலன்னா என் சம்பளத்துலதான் கை வைப்பாங்க.”

அப்பா முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

“அது தொடக்கம்டா. பத்தாவது வருஷத்துல எவ்வளவு?”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்?”

“ஒனக்கு இது பத்தாவது வருஷந்தானே?”

கிஷாந்த் போனை வைத்துவிட்டான். கோபம் ஆறட்டும், லீவு போட்டுப் போய் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தான். லீவு கிடைத்தது. அப்பாதான் இல்லை.

பெட்டியருகே உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அப்பா ஒன்பது வயதுச் சுலக்ஷனாவையும் கூட்டிக்கொண்டு ஹோட்டலைப் பார்க்க வந்தார். காவலாளி பின்வாசலைக் காட்டினான். சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் அப்பா விறைப்பாக நின்றார். மகனைக் கண்ட சந்தோஷத்தில் மகளைத் தவறவிட்டார். தேடிப் போனால், முன்மண்டபத்துச் சோபாவில் வெள்ளைக்காரத் தம்பதிக்கு நடுவில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்! அப்பா வெலவெலத்துப் போனார். ஆனால் பஸ் ஏறியதும் தொடங்கிய பெருமை ஆறு மாதம் ஓயவில்லை. “நான் பின்னால நின்னேன், எம்மக முன்னால போய் உக்காந்துட்டா” என்று அவர் சொல்லாத ஆளே தோட்டத்தில் கிடையாது. கேட்டுக் கேட்டு லயமே சலித்துப்போன கதை. இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லமாட்டாரா என்று இப்போது கிஷாந்துக்கு இருந்தது.

பதினொரு மணிக்கு மலர்வளையத்தோடு ஜெனுஷன் வந்தார். ஹோட்டலில் அவனுக்கு மேலதிகாரி. அவனைவிட ஒரு வயது இளையவர். ஹட்டன் பக்கத்து ஆள், சுலக்ஷனாவுக்கு இடம் கிடைத்த அதே படிப்பைப் படித்தவர்.

அவரைக் கண்டதும் கிஷாந்த் எழுந்துவிட்டான். கைகள் இரண்டும் முதுகுப் பக்கம் போய்க் கோத்துக்கொண்டன. “உக்காருங்க கிஷாந்த்” என்று அவர் இரண்டு தரம் சொல்லியும் அப்படியே நின்றான். அப்பாவின் பெட்டிக்கு முன்னால், ஆர்டர் எடுக்க நிற்பதுபோல.

சுலக்ஷனா அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். ஒரு கதிரையை இழுத்து ஜெனுஷனுக்குப் பக்கத்தில் போட்டாள்.

“அண்ணே, இது நம்ம வீடு. உக்காருங்க.”

உட்கார்ந்தான். பத்து வருஷத்தில் ஒரு மேலதிகாரிக்குச் சமமாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வாய் சும்மா இருக்கவில்லை.

“சார், நீங்க தொடங்குறப்ப எவ்வளவு சம்பளம்?”

இழவு வீட்டில் கேட்கிற கேள்வியா என்று ஜெனுஷன் ஒரு கணம் திகைத்தார்.

“நாப்பதாயிரம். லோனக் கட்டிட்டு அம்மாகிட்ட பஸ்சுக்குக் காசு வாங்குனேன். கொரோனாவுல ஹோட்டல மூடுனப்ப பைத்தியமே புடிச்சிச்சு. இன்னும் பதினாலு மாசம் கட்டணும்.”

“அப்ப, படிச்சது நட்டமா சார்?”

“இப்ப நட்டமில்ல. ஆனா தனியா என்னால முடிஞ்சிருக்காது. அக்காதான் பிணை நின்னாங்க. அதுல அவங்க கல்யாணம் ரெண்டு வருஷம் தள்ளிப்போச்சு. நான் கேக்கவேயில்ல. அவங்களாத்தான் வந்து கையெழுத்துப் போட்டாங்க” என்றார்.

வெளியே தப்பு முழங்கத் தொடங்கியது. பெட்டியைத் தூக்கினார்கள். தேயிலைச் சரிவின் கீழே, ஓடைக்கரையில் கிஷாந்துக்குத் தலையையும் மீசையையும் மழித்தார்கள். குடத்தைச் சுமந்து குழியை மூன்று சுற்றுச் சுற்றி உடைத்தான். முதல் பிடி மண்ணைப் போடும்போது மட்டும் “அப்பா” என்று வாய்விட்டுக் கத்தினான்.

தூறலில் நனைந்து திரும்பி வந்தபோது சுலக்ஷனா வாசலில் தண்ணீர் வாளியோடு நின்றாள். அவன் கால் கழுவுவதையே பார்த்திருந்தவள், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“அண்ணே, நான் கொழும்புக்குப் போகல. ஹட்டன்ல ஒரு புடவைக் கடையில ஆள் கேக்குறாங்களாம். அப்பா சம்பளமும் இல்லாம அம்மாவ எப்பிடிப் பாக்குறது? ஒங்க கணக்கு சரிதான்.”

கிஷாந்த் மற்றக் காலையும் கழுவினான்.

“திங்கக்கெழம பேங்க் எத்தன மணிக்குத் தொறப்பாங்க?”

“ஒம்பதுக்கு.” அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. “ஏண்ணே?”

“ஐடென்டி கார்டு படத்துல முடி மீசையெல்லாம் இருக்கு. இந்த மொட்டத் தலையோட போய் நின்னா, பிணை நிக்க வந்தவன் நாந்தான்னு நம்புவாங்களா?”

சுலக்ஷனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பு. அது பாதியிலேயே உடைந்து, உதடு கோணியது. வாளியைக் கீழே வைத்தாள். துப்பட்டாவின் முனையை எடுத்து, அண்ணனின் தலையில் விழுந்திருந்த தூறலை மெதுவாகத் துடைத்துவிட்டாள்.